கொக்கா, ஏணியா

மார்ச் 3, செவ்வாய்

பல்வலி. அதோடு பெரியவர் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு அவர்தான் தலைமை; டிசம்பரில் ஓய்வு.

"புது வண்டிக்கு நகராட்சி தலையாட்டிடுச்சு. தேர்வுக் குழுவுக்கு நீதான் தலைவன்."

குழுவில் வேறு யார் என்று கேட்டேன்.

"நீதான்யா குழு."

இரண்டு வண்டிகள் போட்டியில். ஒன்றின் முதுகில் நீள ஏணி. அதில் ஆள் ஏறலாம், மாட்டிக்கொண்டவரை இறக்கலாம். மற்றொன்றில் மடித்துவைத்த இரும்புக் கழுத்து, அதன் நுனியில் தண்ணீர் பீய்ச்சும் மூக்கு. ஆள் ஏற வழியில்லை. கீழே நின்று ஒருவர் இயக்கினால் கூரைக்கு மேலிருந்து கொட்டும். படத்தைப் பார்த்ததுமே பையன்கள் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"முடிவு உன்னோடது. ஏணின்னு எழுதிக் குடுத்துடு" என்றார் பெரியவர், ஒரே மூச்சில். ஓய்வு பெறும் நாளில் ஏணி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள அவருக்கு ஆசை என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

வீட்டிலும் விஷயம் வந்துவிட்டது. கொண்டுவந்தவன் மைத்துனன். என் ஷிஃப்டில்தான் இருக்கிறான், குழாயோடு கூரை ஏறுகிறவன். நிலையத்தில் என்னை "சார்" என்பான், வாசற்படி தாண்டியதும் "மாமா".

போன மழைக்காலத்தில் மெத்தைக் கடை தீப்பிடித்தபோது கூரைத் தகடு உடைந்து, அக்குள் வரை உள்ளே இறங்கித் தொங்கினான். விலாவின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து போனது. வாரக்கணக்கில் மருந்து போட்டவள் என் மனைவி, அவன் அக்கா.

"அந்த இரும்பே மேல ஏறட்டும். என் தம்பி ஏற வேணாம். நீங்க கொக்குன்னு எழுதுங்க."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தண்ணிய மேல அனுப்பலாம்க்கா. மாட்டிக்கிட்ட ஆளை எப்படிக் கீழ கொண்டு வர்றது? மூக்கால உறிஞ்சவா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. எனக்கு மூன்று.

மார்ச் 6, வெள்ளி

பல்லைப் பிடுங்கிவிட்டேன். இந்த வாரத்தில் நானாக எடுத்த ஒரே முடிவு.

மார்ச் 14, சனி

ஏணி வண்டி வெள்ளோட்டத்துக்கு வந்தது. கொண்டுவந்த விற்பனையாளர் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார். ஏணி எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டதற்கும் சிரித்தார். மைதானத்தில் பக்கவாட்டில் நீளும் நான்கு இரும்புக் கால்களையும் அகல ஊன்றி வண்டி நின்றது. யார் ஏறுகிறீர்கள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மைத்துனன் பாதி தூரம் போய்விட்டான்.

உச்சியிலிருந்து கையை ஆட்டினான். அந்த முகத்தை என்னவென்று எழுதுவது? எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால் கேட்டருகே குடையைப் பிடித்துக்கொண்டு என் மனைவி. எப்போது வந்தாளோ! குடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

கால்களை ஊன்றி நிற்க ஏணி வண்டிக்கு வேண்டிய அகலத்துக்குக் கயிறு ஒன்றை வெட்டினேன்; கொக்குக்கு இதில் பாதி அகலம் போதும். ஒரு முனை எனக்கு, மறு முனை மைத்துனனுக்கு. ஊரைச் சுற்றினோம்.

பெரிய தெருவில் கயிறு விறைப்பாக நின்றது. கடைத்தெருவில் தொய்ந்தது. தையல்காரர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன சார், ரோட்டை வெட்டி விக்கப் போறீங்களா?" மெத்தைக் கடைச் சந்தில் என் முதுகு ஒரு சுவரில், அவன் முதுகு எதிர்ச் சுவரில். அப்படியும் கயிறு நடுவில் தரையைத் தொட்டது. முக்கால்வாசித் தெருக்கள் இப்படித்தான். அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

கடைசியாக நர்ஸுகள் தங்கும் விடுதி. ஊரிலேயே நான்கு மாடி அது ஒன்றுதான். கொக்கின் மூக்கு எட்டும், ஆளை இறக்காது. எங்கள் கை ஏணி மூன்றாவது மாடியோடு சரி. அந்த வாசலில் மட்டும் கயிறு கம்பி மாதிரி நின்றது.

"பாத்தீங்களா மாமா" என்றான். நாலாவது மாடி ஜன்னலில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊர் முழுக்க ஒரு பதில், ஒரே ஒரு கட்டடம் வேறு பதில். எதை எழுதினாலும் யாரோ ஒருவரை நான் விட்டுவிடுகிறேன்.

மார்ச் 28, சனி

கொக்கும் வெள்ளோட்டத்துக்கு வந்தது. கூட வந்த இன்ஜினியர் அம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்து, "ரெண்டு கட்டை விரல் போதும் சார்" என்றார். கழுத்து எழுந்தது, நீண்டது, பழைய கொட்டகைக் கூரைக்கு மேல் போய் நின்றது. பிறகு தண்ணீர்! கைதட்டல் அடங்குவதற்குள் தொட்டி காலி. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"கொக்குக்குச் சளி பிடிச்சிருச்சு" என்று பெரியவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தார்.

இன்ஜினியர் அம்மா அசரவில்லை. "யானையைக் கட்டினா தீனி போடணும் சார். பக்கத்துலயே இன்னொரு வண்டி நின்னு தண்ணி குடுக்கணும்." எங்கள் பழைய வண்டி இருக்கிறது. ஆனால் புது வண்டி வந்ததும் அதை விற்றுத் தள்ளிவிடுவதாக நகராட்சிக்குப் பெரியவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இதை இங்கேதான் எழுத முடியும். கூரை எரியும்போது "ஏறு" என்று சொல்கிறவன் நான். இத்தனை வருடமாகச் சொல்கிறேன். சொன்ன பிறகு அவர்கள் இறங்கி வரும்வரை வயிற்றில் ஒரு கல். இன்றைக்கு ரிமோட்டைப் பிடித்தபோது அந்தக் கல் இல்லை. எனக்குக் கொக்குதான் வேண்டும். ஊருக்காகவா, என் வயிற்றுக்காகவா?

ஏப்ரல் 2, வியாழன்

"இன்னும் எழுதலையா? முடிவு உன்னோடதுய்யா" என்றார் பெரியவர். அப்படியே, மலைமேல் இருக்கிற சின்ன நிலையத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், காற்று நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

ஏணி சரியாக அமைந்தால் அது அவர் வாங்கிய ஏணி. அமையாவிட்டால் நான் எழுதிய ஏணி. இது தெரிய எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

வீட்டில் மனைவி கேட்பதில்லை. பாத்திரங்கள்தான் சத்தமாகக் கேட்கின்றன.

ஏப்ரல் 9, வியாழன்

எழுதிட்டேன். கொக்கு.

பழைய வண்டியைக் கொடுக்கக் கூடாதுன்னும் எழுதினேன். விடுதிக்கு வெளிப்பக்கமா ஓர் இரும்புப் படி கட்டியே ஆகணும்னும் எழுதினேன். படியைக் கட்டுவாங்களா? கட்டுறதுக்குள்ள — நாலாவது மாடியில யாராவது நின்னு கையை ஆட்டினா? கீழ நின்னு நான் என்ன செய்வேன், தண்ணி காட்டுவேனா? எனக்குத் தெரியல. எழுதினது எழுதினதுதான்.

ஏப்ரல் 10, வெள்ளி

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பரிமாறினாள். மைத்துனன் என் பக்கம் திரும்பாமல், "அக்கா, சாருக்குத் தண்ணி வேணுமாம்" என்றான்.

என் வீட்டில், என் தட்டு முன்னால், நான் சார்.

ஜூன் 18, வியாழன்

நகராட்சி ஒப்புக்கொண்டது. நான் பக்கம் பக்கமாக எழுதிய நியாயத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இரும்புக் கழுத்து எழுகிற படம் நகராட்சித் தலைவருக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். பழைய வண்டியும் தங்கிவிட்டது. இரும்புப் படி "பரிசீலனையில்".

பெரியவர் மலைக்காற்றைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "என் கொக்கு" என்கிறார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

மைத்துனன் மாற்றல் கேட்டிருக்கிறான். தலைநகரத்துப் பெரிய நிலையம்; அங்கே இருக்கிற ஏணியைப் பற்றி ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். ஷிஃப்ட் தலைவன் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது நான்.

மனைவி பாத்திரங்களைத் தொடவில்லை. நேராகவே சொன்னாள்: "போட்டீங்கன்னா என் முகத்துல முழிக்காதீங்க."

நிலையத்தில் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டான். "எனக்கு எது நல்லதுன்னு நீங்களும் அக்காவும் பாத்துட்டீங்க. எனக்கு எது வேணும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா மாமா?" என்றான். நிலையத்துக்குள் வைத்து மாமா என்று அவன் சொன்னது இதுதான் முதல் தடவை.

கொக்கு வருகிறது, இனி ஏற வேண்டாம் என்று நான் கணக்குப் போட்டபோது, ஏறத்தான் இந்த வேலைக்கே வந்தான் என்பதை எப்படி மறந்தேன்?

ஆகஸ்ட் 24, திங்கள்

போட்டுவிட்டேன். பெரியவர் போட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

டிசம்பர் 31, வியாழன்

பெரியவர் ஓய்வு பெற்றார். கொக்கு இன்னும் வந்துசேரவில்லை. பழைய வண்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

பிப்ரவரி 11, வியாழன்

பழைய பேப்பர் கிடங்கில் தீ. கொக்குக்கு இதுதான் முதல் வேலை. பழைய வண்டி வாய்க்காலிலிருந்து உறிஞ்சிக் கொடுக்க, நான் எதிர்ச் சுவரோரம் நின்று இரண்டு கட்டை விரல்களால் கழுத்தைக் கூரைக்கு மேல் கொண்டுபோனேன். யாரிடமும் "ஏறு" என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வலது பக்கக் கூரை மொத்தமாக உள்ளே விழுந்தது. இங்கே இருந்தவரை குழாயோடு மைத்துனன் எப்போதும் போய் நின்ற பக்கம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

திரும்பி வரும்போது விடுதி வழியாக வந்தோம். இரும்புப் படிக்குக் குழி மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கூரை விழுந்த கதையைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் சொன்னேன்.

"அப்ப அவன் இங்கயே இருந்திருக்கலாம்ல" என்றாள்.

மதியம் அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏணி உச்சியிலிருந்து எடுத்தது. கீழே நிற்கிற வண்டி தீப்பெட்டி அளவு. அவளுக்கு நான் காட்டவில்லை.

"அந்த ஊர் ஏணி எவ்வளவு உயரம்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம மொட்டைமாடி அளவுதான் இருக்கும்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். நடுத்தெருவில் நின்று எங்கள் மொட்டைமாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.