கேள்விக்குறி இல்லாத ‘ஆங்’

என் ரேவதிக்கு,

நம் முகப்புப் பக்கம் போய்விட்டதடி. முழுதாகப் போகவில்லை, பாதி போனது. ஒரு வாரமாக அதோடு மல்லாடிக் கண் எரிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

வகுப்புத் திட்டத்துக்காக நாம் இருவரும் நம் ஊர்ப் பேச்சில் கலந்திருக்கும் தெலுங்குச் சொற்களைத் தேட ஆரம்பித்தோமே, அப்போது நீ செய்த பக்கம். பள்ளிக் கணினியைத் திறந்ததும் அகராதிகள், நூலகப் பட்டியல்கள், பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் தளங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து நிற்கும். நான் பெட்டிகளுக்கு ‘நம்பத்தக்கவை’, ‘ஐயத்துக்குரியவை’ என்று பெயர் வைத்தேன்.

“இன்னாடி இது, கல்வெட்டா?” என்று அழித்துவிட்டு, ஒன்றுக்கு ‘ஆங்’ என்றும் மற்றதற்கு ‘ஆங்?’ என்றும் போட்டாய். அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணி வரும் பஸ்ஸில் எல்லோரும் இந்த ஒரு சொல்லால்தான் ஒப்புக்கொள்கிறார்கள், இதை இழுத்துத்தான் சந்தேகமும் படுகிறார்கள் என்றாய். “இருபது நாள் பெரியவ சொல்றேன், கேளு” என்று வேறு.

நம் பக்கம் இருந்த தளத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். எல்லாவற்றையும் வேறொரு தளத்துக்கு மாற்றினேன். புதிய தளம் பெட்டியின் பெயரில் கேள்விக்குறியை ஏற்காதாம். அதை விழுங்கிவிட்டு, இரண்டும் ஒரே பெயர் என்று ஒன்றாகக் கொட்டிவிட்டது. நான் உடனே பார்த்திருக்க வேண்டும். பார்த்தபோது பழைய தளம் மூடியிருந்தது.

நீ நம்பியதும் நம்பாததும் இப்போது ஒரே குவியல். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்ட் ஓட்டலில் சமைக்கும் என் நைனா, “இன்னும் அத்தயே பொறுக்கிகினு இருக்கியா? நாங்க மூட்டை அரிசில கல்லு பொறுக்கிட்டு எழுந்துடுவோம்” என்று சிரித்தார்.

குவியலில் ஒரு பக்கம் கிடந்தது. ஒரே கஷாயத்தில் சிறுநீரகம் தேறிவிடும் என்று சொல்லும் பக்கம். எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை. அதை எந்தப் பெட்டியில் வைத்திருந்தாய், ரேவதி? சிறுநீரகம் பழுதாகி நீ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த நாட்களில் அதை நம்பினாயா?

சனிக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

“நான்தாம்மா போட்டு வைக்கச் சொன்னேன். எதிர்வூட்டுப் பொண்ணு போன்ல காட்டிச்சு. இத்தயும் உன் பொட்டில வைடின்னேன். ஆங்னா.”

“எப்படிச் சொன்னா அத்தை?”

“எப்படின்னா? ஆங். அவ்ளோதான். நாலு நாள் குடிச்சா. கசக்குதுன்னு கூட சொல்லல.”

அத்தை சொல்லிக் காட்டிய ‘ஆங்’கின் கடைசியில் உன் இழுப்பு வருகிறதா என்று கவனித்தேன். வரவில்லை. பெயரில்லாத பக்கத்தை நம்பாதவள் நீ. அம்மாவிடம் மட்டும் கேள்விக்குறியை விழுங்கிவிட்டாயா?

கிளம்பும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லதுக்குத்தானம்மா குடுத்தேன்?”

“ஆங் அத்தை” என்றேன். நீ சொன்ன மாதிரியேதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பக்கத்தை ‘ஆங்’ பெட்டியில் வைக்க முடியவில்லை. இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் நம் பக்கத்தைத் திறக்கிறார்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, யார் கண்டது? புதிய பெட்டி ஒன்று செய்து, குறியாகப் போட விடவில்லை என்பதால் எழுத்திலேயே ‘ஆங் கேள்விக்குறி’ என்று பெயர் வைத்தேன். அதில் முதலாவதாக அதைப் போட்டு, கீழே ‘அம்மாவுக்காக வைத்தது’ என்று எழுதினேன்.

இன்னும் பாதிக் குவியல் இருக்கிறது. களைப்பில் எதையும் பார்க்காமல் ‘ஆங்’கில் தள்ளமாட்டேன், சத்தியம். உன் அம்மா அந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டாலும், என் குரல் கடைசியில் இழுக்காமல் பார்த்துக்கொள்வேன்.

நீ இருந்தவரை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடாத,
இருபது நாள் சின்னவளான உன் தங்கை,
கவிதா