நகல் தொடங்கும் இடம்

1968 ஜூன் 5, புதன்
மேற்கிலிருந்து கச்சான் காற்று. குசினியில் சட்டி பானையெல்லாம் புழுதி. விலங்கியல் விடைத்தாள்கள் இன்னும் திருத்தவில்லை.

லண்டனிலிருந்து செல்வியின் கடிதம். பல்கலைக்கழகத்தில் என் பக்கத்து மேசைக்காரி. இப்போது பக்டீரியா ஆய்வு. எழுதியிருப்பது:
— டி.என்.ஏ. கண்ட இடத்தில் நகலெடுக்கத் தொடங்குவதில்லை. பக்டீரியாவில் அதற்கென்று ஓர் இடம்.
— ஒரு புரதம் வந்து அங்கே ஒட்டவேண்டும். பிறகே தொடக்கம். எப்படி ஒட்டுகிறது? தெரியாது. எவரும் இன்னும் பிரித்தெடுக்கவில்லை.
— சில வகைகளில் சூடு கூட்டினால் புதிதாகத் தொடங்காது. தொடங்கியது மட்டும் முடியும். புரதம் கெட்டுவிடுகிறதாக்கும்.

மூன்று தரம் வாசித்தேன். அக்காவிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவாவுக்கு இரத்தப் புற்றுநோய். கொழும்பு டொக்டர் கைவிரித்து ஒரு மாதம்.

"அப்ப அதை ஒட்டவிடாமச் செய்தா, என்ர இரத்தத்திலயும் பெருகிறது நிக்குமோ?"

"பாப்பம் அக்கா" என்றேன். கோழை நான்.

ஜூன் 7, வெள்ளி
அக்காவுக்குக் காய்ச்சல். கஞ்சி நாலு கரண்டி. மறுபடி அதே கேள்வி. போர்வை ஓரத்தைப் பிடித்து, இந்த இடத்தில்தான் ஒட்டும் என்று காட்டினேன்.

வாசல் படலையடியில் அத்தான், அக்காவின் கணவர்: "பிள்ளை, லண்டனில மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாமே? கொக்கா முன்வீட்டுக்கும் சொல்லிப்போட்டா."

படலையைத் திறந்துவிட்டேன். மண்வெட்டியோடு சிரித்தபடி வயலுக்குப் போனார். அவர் சிரித்து எத்தனை நாள்.

ஜூன் 10, திங்கள்
போயா, பௌர்ணமி விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. அத்தான் நேர்த்தி வைத்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்விட்டார். வீட்டில் நாங்கள் இருவர்தான். சொல்லிவிட்டேன்.

"அக்கா, மருந்து ஒண்டும் இல்லை. அது பக்டீரியாவில பாத்தது. எங்கட உடம்பில எப்பிடியெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான்தான் உங்களை நம்பவிட்டிட்டன்."

சுவர்ப்பக்கம் திரும்பினா.

"தெரியும். முதல் நாளே தெரியும்."

"பிறகேன் திரும்பத் திரும்பக் கேட்டனீங்கள்?"

"அதைச் சொல்லேக்க மட்டும்தான் நீ என்னைச் சாகப்போறவளாப் பாக்கேல்லை."

அழுதேன். அவா அழவில்லை.

"கொத்தானுக்கு நான் சொல்லுறன். கோயிலால வரட்டும்."

ஜூன் 18, செவ்வாய்
அக்கா சனி காலை போய்விட்டா. அத்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மருந்து இல்லையென்று அவருக்கு அக்கா முன்னமே சொல்லியிருந்தா.

இன்று செல்விக்குப் பதில். ஒரே பக்கம். அக்காவின் செய்தி. பிறகு: அந்தப் புரதத்தை யாராவது பிரித்தெடுத்தால் உடனே எழுது, எப்படி ஒட்டுகிறதென்று எனக்குத் தெரியவேண்டும்.

தபாற்பெட்டிவரை அத்தானும் கூடவே நடந்து வந்தார்.