பலூன் கொடுத்த வேட்பாளர்

கட்சி வாக்கெடுப்பு முடிந்த அன்றைக்கு நான் உங்களுக்குச் சொல்லாதது இதுதான்: "எனக்கு அந்த மனிசியில் நம்பிக்கை இல்லை, அண்ணை." காரின் முன்கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, "நீயும் அவவுக்குத்தானே போட்டனி, தங்கச்சி?" என்று கேட்டீர்கள். நான் கையுறையைத் தேடுவதுபோல் பைக்குள் குனிந்துகொண்டேன்.

இன்று மாலை இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் ஒரு கடை வாசலில் மலிவு விற்பனைக்காகப் பலூன்கள் கட்டியிருந்தார்கள். அந்த ரப்பர் மணம் பட்டதும் கால் நின்றுவிட்டது. தமிழ் அகதிகளான எங்கள் விஷயத்தால் இந்தக் கிழமை அரசாங்கம் விழுந்திருக்கிறது. தொழிற்சாலையில் கோப்பி குடிக்கும்போது ஒருத்தி, "உங்களால் ஓர் அமைச்சரவையே போய்விட்டது" என்று பாதி பகிடியாகச் சொன்னாள். நீங்கள் துணி அழுத்திய இயந்திரத்தில் இப்போது வேறொருவர் நிற்கிறார்.

அகதிகளின் மனைவி பிள்ளைகள் இங்கே வரச் சட்டம் இடம் கொடுத்தது. தமிழருடைய விண்ணப்பங்களை மட்டும் அமைச்சரின் உத்தரவில் எடுக்காமல் வைத்திருந்தார்கள் என்பது இன்று நாடறிந்த செய்தி. அப்போது எங்களுக்குத் தெரிந்தது பதில் வரவில்லை என்பது மட்டும்தான். உங்கள் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் காத்திருந்தார்கள். அங்கே ஷெல் குண்டுகள் விழும் நாட்களில் நீங்கள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே மாட்டீர்கள்.

நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க எங்களுக்குக் குடியுரிமை இல்லை. ஆனால் கட்சியின் அங்கத்தவராக இருந்தால், யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று கட்சிக்குள் நடக்கும் வாக்கெடுப்பில் வாக்களிக்கலாம். அதைக் கண்டுபிடித்தது நீங்கள். "ஊரிலை கோயில் சபைக்கு ஆள் சேர்க்கேல்லையே? அதே வேலைதான்" என்று சிரித்தீர்கள். சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், கட்சியின் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியாதவர்களையும் அங்கத்தவராக்கினீர்கள்.

போட்டியிட்டவர்கள் இருவர். ஒருவர் பாடசாலை ஆசிரியை, மற்றவர் தொழிற்சங்கக்காரர். இருவரையும் நம் தமிழ்ச் சங்கத்து அறைக்கு அழைத்தீர்கள். மொழிபெயர்த்தது நான்.

ஆசிரியை உங்கள் பிள்ளைகளின் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண் கலங்கியது. "நாடாளுமன்றத்தில் என் முதல் கேள்வி இந்தக் குழந்தைகளைப் பற்றியதாக இருக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். படத்தைத் திருப்பித் தரும்போது அவர் பிள்ளைகளின் பெயரைக் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தியது.

தொழிற்சங்கக்காரர் நாங்கள் பொரித்து வைத்திருந்த ரோல்ஸில் மூன்று சாப்பிட்டார். உறைப்பில் முகம் சிவந்து தண்ணீர் கேட்டார். பிறகு சொன்னார்: "என்னால் எதையும் உறுதி சொல்ல முடியாது. என்னுடைய ஆட்களில் பாதிப் பேருக்கு உங்களைப் பிடிக்காது. கேட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான்." நான் அதை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒருவர், "ரோல்ஸைத் திருப்பி வாங்குங்கோ அண்ணை" என்றார். நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

வாக்கெடுப்பு நாள்வரை எனக்கு முடிவு வரவில்லை. பேச்சழகை எவ்வளவு நம்பலாம் என்று நூலகத்துப் புத்தகங்கள் எத்தனையோ விதமாகச் சொல்லியிருந்தன, ஒன்றும் உதவவில்லை. ஆசிரியை வென்றால் மறந்துவிடுவார் என்று தோன்றியது. மற்றவர் மறக்கமாட்டார், ஆனால் எதுவும் நடக்காது என்றும் தோன்றியது. மண்டபத்தில் துண்டுச்சீட்டு கைக்கு வந்தபோது நீங்கள் இரண்டு வரிசைக்கு முன்னால், சட்டைப்பையில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து இருந்தீர்கள். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆசிரியையின் பெயரை எழுதினேன்.

நம்முடைய வாக்குகளால்தான் அவர் வென்றார். அதுவே வினையாயிற்று. "தமிழரின் வேட்பாளர்" என்று கட்சிக்குள்ளேயே ஏளனம் செய்தார்கள். அந்தப் பெயரைக் கழுவிக்கொள்ளவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. மேடைகளில் முதியோர் பராமரிப்பு பற்றிப் பேசினார், பேருந்துச் சேவை பற்றிப் பேசினார். நீங்கள் தொலைபேசியில் அழைத்தால் வீட்டில் இல்லை என்று கணவர் சொன்னார்.

வசந்தகாலத்தில் கடைத்தெருவில் கட்சிப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே ஆசிரியையைப் பார்க்கப் போய்விட்டுத் தொழிற்சாலைக்கு வந்தீர்கள். கையில் ஒரு பலூன்.

"கதைச்சனீங்களோ அண்ணை?"

"ஓம். சனம் சுத்தி நிண்டது. 'பிள்ளையளுக்குக் கொடுங்கோ' எண்டு இதைத் தந்தா."

நீங்கள் அதை இயந்திரத்தின் கைப்பிடியில் கட்டினீர்கள்.

"அவ ஒண்டும் செய்யமாட்டா எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், தங்கச்சி."

"பிறகேன் அவவுக்குப் போடச் சொன்னனீங்கள்?"

"மற்றவன் உண்மையைச் சொல்லிப்போட்டானே. உண்மையைச் சொன்னவனிட்டை என்னத்தைக் கேக்கிறது? இவவிட்டை எண்டாலும் நாளைக்கும் போய்க் கேக்கலாம்."

அன்றிலிருந்து எந்தச் சீட்டில் புள்ளடி போட்டாலும் இந்த வார்த்தை கூடவே வருகிறது. இருவரையும் நிறுத்துப் பார்ப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எடைபோட எதுவும் இருக்கவில்லை. நாளைக்கும் போய்த் தட்ட ஒரு கதவு மட்டும் தேவைப்பட்டது. நம்பிக்கை இல்லை என்று நான் சொல்லியிருந்தால், "எனக்கும்தான்" என்றிருப்பீர்கள்.

பலூன் சுருங்கி ஒரு கிழமை தொங்கியது. ஒருவரும் அவிழ்க்கவில்லை.

"அவை இங்கை வர ஏலாட்டி நான் அங்கை போறன்" என்று கோடையில் புறப்பட்டீர்கள். ஊருக்குப் போன இரண்டாம் மாதம், பேக்கரியில் பாண் வாங்கப் போன வழியில் ஷெல் விழுந்து இறந்துபோனீர்கள்.

அதற்குப் பிறகுதான் அடுக்கி வைத்த கோப்புகளைத் திறந்தார்கள். ஆசிரியை இப்போது நாடாளுமன்ற உறுப்பினர். தமிழருக்கு நடந்தது வெட்கக்கேடு என்று நேற்றுத் தொலைக்காட்சியில் சொன்னார். உங்கள் கோப்பையும் திறந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்வதற்கு டென்மார்க்கில் ஆள் இல்லை என்பதால், அதை மூடிவிட்டார்கள்.