மதினியின் அழுகை

ஆடி 14, இரவு. தென்காசி.

செங்கோட்டையில் இன்று அண்ணனைச் சுடுகாட்டுக்கு எடுத்தோம். சாரல் விடவே இல்லை.

நாடகத்தில் நான் பபூன். எனக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரு அழுகைப் பாட்டு. அடிக்குரலில் தொடங்கி, நடுவில் மூன்று விக்கல் விக்கி, கடைசியில் கீச்சென்று முடிப்பேன். ஆர்மோனியக்காரரே வாசிப்பை விட்டுவிட்டுச் சிரிப்பார். இத்தனை வருஷமும் அதுதான் சோறு போட்டது. மதினி, தன் அப்பா செத்த அன்று அழுததைப் பார்த்துத்தான் அதைப் பிடித்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனைத் தூக்கும்போது மதினி விழுந்து அழுதாள். அதே விக்கல், அதே கீச்சு.

"ஏலே, நம்ம பபூன் கணக்கா அழுவுதா பாருலே" என்றான் பந்தலில் ஒருவன். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோயில் கொடைத் திருவிழா நாடகங்களில் முன்னால் உட்கார்ந்து அந்தப் பாட்டுக்குச் சிரித்தவள்தான் அவளும். இன்றைக்குத்தான் அது யாருடைய அழுகை என்று தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் பக்கத்தில் போய் நின்றேன். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு புளியறை ஊரிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மதினி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"புருசன் போயிருக்கான், ஒரு சத்தம் வருதா பாரு. கல்நெஞ்சுக்காரி" என்று பேசிக்கொண்டே போனார்கள்.

வாசலில் நான்தான் அவர்களுக்குக் குடை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.