எதிரெதிரே இரண்டு பேனர்

வியாழன், ஜூன் 12

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மோட்டார் ஓடியும் மேல் டேங்கில் தண்ணீர் ஏறவில்லை. பள்ளி ஆபீசுக்கு அரை நாள் லீவு. இவருக்கு டயாலிசிஸ் நாள். திங்களும் வியாழனும் எங்கள் வாழ்க்கையில் வேறு எதற்கும் இடம் கிடையாது.

பம்மல் ரோட்டு சர்க்கார் ஆஸ்பத்திரி. டயாலிசிஸ் அறைக் கதவில் புது நோட்டீஸ். சுகாதாரச் சீர்திருத்தமாம். அடுத்த மாதத்திலிருந்து இந்த அறை மூடல். எல்லோருக்கும் ஓர் அட்டை தருவார்களாம், அதைக் கொண்டுபோய்த் தனியார் சென்டரில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம், பணம் அரசு கட்டுமாம். எங்களுக்கு ஒதுக்கிய சென்டர் படப்பையில். எங்கள் அஸ்தினாபுரம் எங்கே, படப்பை எங்கே! இதை முடிவு செய்தவன் மேப்பையாவது பார்த்தானா?

ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு எழுந்தால் என் வீட்டுக்காரர் தேவராஜ், பிழிந்துபோட்ட துணிதான். ஷேர் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தே வருவார். இவரை மூன்று வண்டி மாற்றிக் கூட்டி வர வேண்டும்.

வெளிப் பெஞ்சில் இரண்டு பேர்:

"கார்டு குட்தா நல்லதுதானே? ஏசி ரூமுன்றாங்க."

"படப்பை போறதுக்குள்ள பூட்டேன்னா ஐஸ் பொட்டியே ஏசிதான்."

சிரித்தார்கள். 

தே. நோட்டீஸை இரண்டு முறை படித்தார், லேத் பட்டறையில் அளவு பார்ப்பதுபோல ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு. பிறகு ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கோபமே வராத மனுஷனோடு குடித்தனம் நடத்துவது இருக்கிறதே...

வாங்க: சுரைக்காய், பேட்டரி, தே. தண்ணீர் அளக்கும் பாட்டில் (நாளுக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம்; பழையது விரிசல்).

வெள்ளி, ஜூன் 13

புழுக்கம். மேகம் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது.

சாயங்காலம் சார்லஸ் அண்ணன். என் கூடப்பிறந்தவன், ஆளும்கட்சி வட்டச் செயலாளர், வெள்ளைச் சட்டையில் கஞ்சி மடிப்பு கலையாதவன். கையில் சாத்துக்குடிப் பை. சாத்துக்குடி இவருக்கு ஆகாது என்று எத்தனை முறை சொல்வது! பொட்டாசியம், பொட்டாசியம். காதில் ஏறினால்தானே.

"ரீட்டா, இன்னா நீ மூஞ்ச தூக்கி வச்சினுகீற? நம்ம ஏரியாவுல மொத கார்டு நம்ம மாப்ளைக்குத்தான். நான் பேசுறேன், வண்டி கூட வூட்டாண்ட வரும்."

"ண்ணா, அந்த அறைய மூடாதீங்கன்னு பேசேன்."

"அது மேலிடத்து மேட்டரும்மா."

அதாவது, பேசவேண்டியதை மட்டும் பேச மாட்டான்.

அட்டைக்குப் பதிவு செய்ய ஓடிபி என் போனுக்கு வந்தது. நானே படித்துச் சொன்னேன். சொல்லித் தொலைத்தேன். பேனருக்கு என்று தே.வின் போட்டோ ஒன்றையும் கேட்டான். என் தங்கை மகள் கல்யாணத்தில் பட்டுச் சட்டை போட்டு எடுத்தது. தே. மறுபேச்சில்லாமல் அனுப்பினார்.

அண்ணன் தலை மறைந்ததும் மாடி வீட்டு பாஸ்கர் இறங்கி வந்தான். எதிர்க்கட்சி. பட்டறையில் தே.வுக்குக் கீழே வேலை பார்த்தவன்.

"அண்ணே, திங்கக்கெழம ஆஸ்பத்திரி முன்னாடி மறியல். தனியாருக்குத் தாரை வார்க்க வுட மாட்டோம். ஒரு போட்டோ குடுண்ணே, உன்னைய வச்சுத்தான் மக்களுக்குப் புரிய வைக்கணும்."

இவர்கள் ஆண்டபோது இதே திட்டத்தை வேறு பெயரில் கொண்டுவரப் பார்த்ததை நான் சொன்னேன். "அது வேற அண்ணி" என்றான். என்ன வேற? கலர் வேற.

அவனுக்கும் அதே போட்டோ போனது! சண்டை போட்டேன். தே. பாட்டில் மூடியில் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சனி, ஜூன் 14

பேனர்கள் வந்துவிட்டன. பஸ் ஸ்டாப்பில், ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. என் புருஷன் என் புருஷனையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

அண்ணன் பேனர்: கலர். "சுகாதாரப் புரட்சிக்கு நன்றி!" முதல் பயனாளி தேவராஜ். கல்யாணப் போட்டோவில் கையைத் தொங்கவிட்டிருந்தார் அல்லவா, இதில் கும்பிடுகிறார். யாருடைய கைகளோ. தடித் தடியாக விரல், இடது மணிக்கட்டில் தங்க வாட்ச். இடது கை! டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்து வைத்த ஃபிஸ்டுலா கை. அதில் வாட்ச் கூடாது, வளையம் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, பையைத் தூக்கக் கூடாது. அந்தக் கையைப் பச்சைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறோம். இவன்கள் வாட்ச் கட்டிவிட்டான்கள்.

பாஸ்கர் பேனர்: கறுப்பு வெள்ளை. சுற்றிலும் கறுப்பு பார்டர். "ஏழைகளின் உயிரோடு விளையாடாதே!" கீழே தலைவர்கள் வரிசையாகச் சோகமாக.

"ஏம்ப்பா, உயிரோட இருக்கிற மனுஷனுக்குக் கறுப்பு பார்டரா?"

"கண்டனம்னா கறுப்புதான் அண்ணி."

மத்தியானத்திலிருந்து போன். பள்ளியில் கணக்கு டீச்சர் அழுகிறாள், "எப்ப எடுக்கிறீங்க?" என்று. காய்கறிக்காரம்மா வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். தே.வே போய்க் கதவைத் திறந்தார். அலறிவிட்டாள், பாவம். அரை கிலோ புடலங்காய் இனாம்.

ஞாயிறு, ஜூன் 15

இரவில் தூறல். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல வெயில்.

இரண்டாம் பூசைக்குப் போனோம், வழக்கமான நாலாவது பெஞ்சு. ஃபாதர், யார் யாருக்காக இந்தப் பூசை என்ற கருத்துகளை வாசிக்கிறார்: "அஸ்தினாபுரம் தேவராஜ் அவர்களின் ஆன்மா இளைப்பாற்றி அடைய..." எந்தப் புண்ணியவானோ பேனரைப் பார்த்துவிட்டுப் பூசைக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.

 தே. எழுந்து நின்றார்.

"ஃபாதர், நான் இங்கதான் இருக்கேன்."

கோயிலே சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டு, "அப்ப உடல்நலத்துக்காக வச்சுக்குவோம்" என்றார். பாடகர் குழுத் தலைவர் முதுகுக்குப் பின்னால் ரோஜா மாலையை மறைத்துக்கொண்டு நெளிந்தார். கடைசியில் அதைக் கோயில் வாசல் மாதா கெபியில் சிலைக்குப் போட்டார்கள்.

வீடு வரும்வரை தே. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒத்திகை பார்ப்பதுபோல இருந்தது. பயமாக இருக்கிறது. இங்கே மட்டும் எழுதுகிறேன், பயமாக இருக்கிறது.

கால் லேசாக வீக்கம். எடை கூடியிருக்கிறது. நாளை டயாலிசிஸ் ஆனால் சரியாகிவிடும்.

திங்கள், ஜூன் 16

நேரமாகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

ஷேர் ஆட்டோ ஆஸ்பத்திரிக்கு நாலு கடை முன்னாலேயே நின்றுவிட்டது. ரோட்டில் பாஸ்கர் கட்சி உட்கார்ந்திருக்கிறது. எதிரே அண்ணன் கட்சி, திட்டத்தை ஆதரித்து. இரண்டு மைக். "இன்னாடா பேஜாரா கீது" என்று ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

நடந்தோம். கூட்டத்தில் ஒருவன், "தோ, பேனர் அண்ணன் வந்துகினுகீறாரு!" அவ்வளவுதான். பாஸ்கரின் ஆட்கள் அவரை ரோட்டில் உட்கார வைக்க ஒரு பக்கம் இழுக்க, அண்ணனின் ஆட்கள் மேடையில் ஏற்ற மறு பக்கம் இழுக்க. இடது கையைப் பிடித்து இழுத்தான் ஒருவன்.

"அந்தக் கைய விடுடா! டேய், அந்தக் கைய விடு!"

என் தொண்டையில் இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. சாப்பாட்டுப் பையால் ஓங்கி அடித்தேன். அவன் விலகிக்கொண்டான், அடி அண்ணன் தோளில். அந்தக் கஞ்சி மடிப்புச் சட்டையில் மோர்சாதம். திருப்தி. ஆமாம், திருப்திதான்.

அப்புறம் போலீஸ். எல்லோரும் கைது, எல்லோரும் பஸ்ஸில். நான் டயாலிசிஸ் ஃபைலைக் காட்டினேன்.

"சார், இவர் பேஷன்ட்."

"பேனர்லயே இருக்காரும்மா. இவர்தானே மெயின் ஆளு?"

வழக்கம்போலக் கல்யாண மண்டபம். வாசலில் நேற்றைய ரிசப்ஷன் தெர்மாகோல் எழுத்து இன்னும் தொங்குகிறது. உள்ளே பழைய பிரியாணி வாசனை. இந்தக் கட்சி இடது பக்கம், அந்தக் கட்சி வலது பக்கம், பெண் வீடு மாப்பிள்ளை வீடு மாதிரி. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை. மத்தியானம் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம், தண்ணீர் பாக்கெட். இவர் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

பெண் போலீஸிடம் கெஞ்சினேன். "எத்தன பேருன்னு மேல சொல்லியாச்சுக்கா. சாயங்காலம்தான் வுடுவாங்க. ரொம்ப முடியலன்னா சொல்லுங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்." ஆம்புலன்ஸ் வருகிற அளவுக்கு முடியாமல் போக வேண்டுமாம். அண்ணனிடம் போனேன். "நான் பேசுறேன்" என்றான். மணமேடைப் படியில் அவனும் பாஸ்கரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். "உன் சைடு எத்தினி பேரு?" "உன்னோட ஜாஸ்திதான்." தூ!

திரும்பி வந்து இவர்மேல் பாய்ந்தேன். "எல்லாம் உங்களாலதான். கேட்டவனுக்கெல்லாம் போட்டோவா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் மெதுவாக:

"தெரிஞ்சுதான் குடுத்தேன் ரீட்டா. யார் ஜெயிச்சாலும் என் மூஞ்சி அவங்களுக்கு வேணும். மூஞ்சி வேணும்னா ஆள் உசுரோட இருக்கணும்ல? எப்படியாவது ஒரு பக்கம் டயாலிசிஸ் நடத்தி வச்சிருவாங்க."

இத்தனை வருடமாக வெறும் சாது என்று நினைத்தேன். நோட்டீஸைப் படித்தபோதே கணக்குப் போட்டிருக்கிறார், தன் உயிருக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்க. அழுகை வந்தது. அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

இருட்டும்போது விட்டார்கள். டயாலிசிஸ் நேரம் எப்போதோ போயிற்று. டெக்னீஷியன் போனில், நாளை காலை வந்தால் எப்படியாவது நுழைத்துவிடுகிறேன் என்றார். நல்ல மனுஷன்.

செவ்வாய், ஜூன் 17

இரண்டு தலையணை வைத்தும் இவரால் படுக்க முடியவில்லை. செருப்பில் கால் நுழையவில்லை. என் பழைய ரப்பர் செருப்பைப் போட்டுவிட்டேன்.

காலை செய்தி: திட்டம் தற்காலிகமாக நிறுத்திவைப்பு. டயாலிசிஸ் அறை மூடாது! பஸ் ஸ்டாப்பில் பாஸ்கர் சரவெடி, போராட்டத்துக்கு வெற்றி என்று. எதிர்ப் பக்கம் அண்ணன் சரவெடி, மக்கள் குரலுக்குச் செவிசாய்த்த அரசுக்கு நன்றி என்று. வெடிப் புகையில் இவருக்கு இருமல். இருந்தாலும் என் கையை அழுத்தினார். "பாத்தியா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன் கம்ப்யூட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரை.

"அக்கா, இவர் பேர் இங்க இல்ல. கார்டு வாங்கினவங்கள படப்பைக்கு மாத்திட்டாங்க. திட்டத்த நிறுத்தினது இனிமே வாங்கறவங்களுக்குத்தான். இவர் இடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. லிஸ்ட்ல நம்பர் இல்லாம மெஷினையே ஓபன் பண்ண முடியாதுக்கா."

"கார்டு எத்தன பேர் வாங்கினாங்க?"

"நம்ம லிஸ்ட்ல இவர் மட்டும்தான்."

ஓடிபியைப் படித்த இந்த வாயை என்ன செய்ய?

பாஸ்கரைக் கூப்பிட்டேன். "நாங்கதான் ஜெயிச்சுட்டமே அண்ணி, இன்னும் இன்னா?" அண்ணனைக் கூப்பிட்டேன். "நான் பேசுறேன்." பேசினான் போல. நாளைக் காலை படப்பையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்வார்களாம். வீட்டு வாசலுக்கு வரும் என்ற வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

தே. சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார். மூச்சுக்கே சரியாக இருக்கிறது.

புதன், ஜூன் 18

படப்பை சென்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏசி உண்மைதான். குளிருகிறது.

விடிவதற்குள் கிளம்பினோம். ஆட்டோ, தாம்பரம் மேற்குக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். பாஸ்கர் பேனரைக் கழற்றிவிட்டார்கள், வெற்றி பேனர் வரப்போகிறதாம். அண்ணன் பேனர் அப்படியே. "இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன்.

வந்தவுடன் உள்ளே விடவில்லை. "சார்லஸ் சார் வரணும், முதல் பயனாளி, ஒரு போட்டோ எடுத்துட்டு..." என்று வரவேற்பில் இருந்த பெண் இழுத்தாள். மூச்சுத் திணறுகிற மனுஷனைச் சோபாவில் உட்கார வைத்து, மேசையில் பூங்கொத்து! நேற்று முன்தினம் வந்த அதே குரல் வந்தது எனக்கு. கதவைத் தள்ளிக்கொண்டு நானே கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்தேன். நர்ஸ் ஒன்றும் கேட்காமல் ஊசியைப் போட்டாள். அவள் நன்றாக இருக்கட்டும். ரத்தம் குழாயில் ஓடியதும்தான் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அண்ணன் கேமராக்காரனோடு வந்தான். புதுச் சட்டை. நான் கட்டிலுக்கும் கேமராவுக்கும் நடுவே போய் நின்றேன். நகரச் சொன்னான். நகரவில்லை.

"தள்ளிக்கோ ரீட்டா" என்றார் தே. பின்னாலிருந்து. குரல் கிணற்றுக்குள்ளிருந்து. "எடுத்துக்கட்டும். அடுத்த தடவையும் இங்கதானே வரணும்."

தள்ளிக்கொண்டேன்.

"மாப்ள, கொஞ்சம் சிரி. கும்பிடு போடு."

இடது கையில் ஊசி. அசைக்கக் கூடாது. வலது கையை மட்டும் நெஞ்சுவரை தூக்கி, ஒற்றைக் கையால் கும்பிட்டார். சிரிக்கவும் செய்தார்.

கேமராக்காரன் அண்ணனைப் பார்த்தான். "சார், ஒரு கைதான் வருது."

"எடு, எடு. இன்னொரு கைய பேனர் கடையில ஒட்டிக்கலாம்."