கதவில் உங்கள் பெயர்

என் அன்புக்குரியவருக்கு,

நீங்கள் பிடிவாதமாகச் சொன்னதால் இங்கிலாந்து போய் மகளைப் பார்த்துவிட்டு, நேற்று வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். அவளுடைய ஊரின் பழைய பஞ்சாலைகள் இப்போது பல்கலைக்கழக, ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடங்களாகிவிட்டன.

மகள் வேலை செய்யும் கூடத்தின் வாசலில் காவலாளியைக் கண்டதுமே கைப்பையைத் திறந்து, கொழும்பில் எப்போதும் கையோடு கொண்டு திரிகிற அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் நீட்டிவிட்டேன். அவன் திகைத்துப் போனான்.

"அம்மா, இஞ்ச ஒருத்தரும் கேக்கமாட்டினம்," என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

அவளுடைய ஆய்வுக்கூடக் கதவில் 'டொக்டர்' என்று போட்டு, பக்கத்தில் உங்கள் பெயர். அங்கே எல்லோரும் அவளை அப்பாவின் பெயரால்தான் அழைக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன், பித்தளை எழுத்து.

அட்டையில் அந்தத் தமிழ்ப் பெயரை வாசித்துத்தானே சோதனைச் சாவடியில் உங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்! உங்களுக்கு முன் இக்கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரியும் அந்தப் பெயர் இப்போது எந்தக் கதவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
டொக்டரின் அம்மா