பதினெட்டாம் ரிஜிஸ்டர்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். லிங்கராஜபுரம் பாலத்தடியில் தண்ணீர். ஸ்கூட்டி நனைந்துபோய் நாலாவது உதையில்தான் கிளம்பியது.

செய்ய வேண்டியவை: சோதனைகளை முழுதாக ஒரு தடவை ஓட்ட. ஆஸ்பத்திரிக்கு மெயில். கேஸ் புக் பண்ண. கடைவாய்ப் பல்லுக்கு டாக்டர் (இந்த வாரமும் நடக்காது).

காபி குடிக்கும்போது வின்சென்ட்: "இத்தனை வருஷமா வேலைக்குப் போறே. என்ன வேலைன்னு ஒரு வரியில சொல்லேன், ஸ்டாஃப் ரூம்ல கேக்குறாங்க." கட்டியவருக்கே தெரியவில்லை. சொன்னேன். விஞ்ஞானிகள் ஃபோர்ட்ரான் என்ற பழைய மொழியில் கணக்குகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மெஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். எங்கள் ஆபீஸ் செய்வது அந்தக் கம்பைலர். இப்போது அதைப் புது ஓ.எஸ். (மெஷினில் எல்லா வேலைகளையும் நிர்வகிக்கும் அடிப்படை புரோகிராம்) ஒன்றுக்குக் கொண்டுபோகிறோம்.

"யாருக்கு?"

"கேன்சர் ஆஸ்பத்திரிக்கு. உடம்புல எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் போகணும்னு கணக்குப் போடுற புரோகிராம்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார். ஏதோ நான் ஒளித்து வைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை அவர்கள் பழைய கம்ப்யூட்டரை நிறுத்துகிறார்கள். புதியதில் எங்கள் கம்பைலர் போன வாரமே ஏறிவிட்டது.

மதியம் எல்லாச் சோதனையும் பாஸ், ஒன்றைத் தவிர. அதிலும் ஒரே ஓர் எண்தான் தப்பு. மறுபடி ஓட்டினேன், சரியாக வந்தது. பக்கத்து சீட் முத்துக்குமார், சேலத்துக்காரர், எட்டிப் பார்த்தார். "மெஷின் சூடாயிருக்கும் மேடம், விடுங்க."

விட்டேன். விட்டது பிடிக்கவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். பல் வலி, கிராம்பு.

விடமுடியவில்லை. அதே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டும்படி போட்டுவிட்டு மற்ற வேலை. மதியத்துக்குள் மூன்று முறை தப்பு. மூன்றும் வெவ்வேறு இடத்தில். தப்பு ஒரே இடத்தில் வந்தால் பிடித்துவிடலாம். இப்படி இடம் மாறினால் பயம்.

ராகவேந்திரா சார் (கன்னடக்காரர், கம்பெனி அவருடையது) வந்து நின்றார். "ஏனு ப்ராப்ளம்? கடைசி டெசிமல்தானே? டாலரன்ஸ் ஸ்வல்ப லூஸ் மாடி மேடம்." கொஞ்சம் வித்தியாசம் வந்தாலும் பாஸ் என்று விட்டுவிடச் சொல்கிறார்.

"கடைசி டெசிமல் இல்ல சார். இருக்க வேண்டிய எண்ணே இல்ல. வேற எங்கேயோ இருந்து எடுத்து வச்சிருக்கு."

"எத்தன வாட்டி?"

"மூணு."

"எத்தனைல மூணு?"

"இருநூறு."

கையை விரித்தார். அவருக்கு அது பதில். எனக்கு அது கேள்வி.

மாலை நஸ்ரீனுக்கு போன். ஆஸ்பத்திரியில் கதிர் அளவுக்குப் பொறுப்பு அவர்தான். டாக்டர் எழுதுவதைக் கணக்குப் போட்டு மெஷினில் ஏற்றுவது. ஆம்பூர்க்காரர், போனில் மட்டும்தான் பழக்கம். எண்கள் எப்படி வருகின்றன என்று கேட்டேன்.

"பழைய மெஷினோட அப்படியே மேட்ச் ஆவுது மேடம். வெள்ளிக்கிழமை காலையில மூணு பேஷண்ட் இதுலதான். ஒண்ணும் டென்ஷன் இல்லையே?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

சும்மாதான். நிச்சயமாகத் தெரியாமல் எதற்கு அவரைக் கலவரப்படுத்துவது என்று நினைத்தேன். நினைத்தேனா, இல்லை அப்புறம் சேர்த்துக்கொண்டேனா?

ஜூலை 9, புதன்

கேஸ் வந்தது. காவிரித் தண்ணீர் வரவில்லை.

பதினோரு மணிக்கு முத்து: "மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? நான் வீடியோ மீட்டிங்ல இருக்கும்போதுதான் தப்பு வருது."

சோதனை ஓடுவதும் அவர் மீட்டிங் பேசுவதும் ஒரே மெஷினில். சிரிக்க இருந்தேன். சிரிக்கவில்லை. அதே மெஷினில் வேண்டுமென்றே இன்னும் பத்து வேலைகளைத் திறந்துவிட்டோம். தப்பு மளமளவென்று கொட்டியது. எல்லாவற்றையும் மூடினோம். ஒன்றுகூட இல்லை.

அதாவது: மெஷின் சும்மா இருந்தால் கணக்கு சரி. கூட்டம் சேர்ந்தால் தப்பு. ஓ.எஸ். நடுவில் புகுந்து நம் கணக்கை நிறுத்தி, வேறொன்றைக் கவனித்து, திரும்ப நம்மிடம் வரும்போது ஏதோ ஒன்று தொலைகிறது.

புது ஓ.எஸ்.ஸின் கையேட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து. மூன்று மணிக்கு ஒரு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்: பதினெட்டாம் ரிஜிஸ்டர் ஓ.எஸ்.ஸுக்கு மட்டும். புரோகிராம்கள் தொடக்கூடாது. எந்த நேரமும் பூஜ்யமாக்கப்படலாம்.

ரிஜிஸ்டர் என்பது பிராசஸருக்குள் இருக்கும் சின்ன அறை, கைவேலையில் இருக்கும் எண்ணை வைத்துக்கொள்ள. எங்கள் கம்பைலர் பதினெட்டாவதில் வைத்தது, உடம்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்ததில் எத்தனையாவது கட்டத்தில் கணக்கு நடக்கிறது என்ற எண்ணை. அது திடீரென்று பூஜ்யமானால், கணக்கு நடுத்தொண்டையை விட்டுவிட்டு முதல் கட்டத்து எண்ணை எடுத்துக்கொள்ளும். நடுத்தொண்டை என்று ஏன் எழுதினேன். வெள்ளிக்கிழமை மூன்று பேரில் ஒருவருக்குத் தொண்டை என்று நஸ்ரீன் சொல்லியிருந்தார்.

எந்தெந்த அறைகளைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல் கம்பைலரின் புரோகிராமில் இருக்கிறது. பதினெட்டு அதில் இருந்தது. யார் சேர்த்தது என்று முத்து தேடிப் பார்த்தார். ஸ்கிரீனை என் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் மாதம். வேகத்துக்காக ஓர் அறை கூடுதல், என்று குறிப்பு. பக்கத்தில் என் பெயர், ஸ்டெல்லா.

வேறு எவர் பெயராவது இருக்கக்கூடாதா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 10, வியாழன்

பலத்த மழை.

ஒரு வரியை எடுக்க ஒரு வினாடி. முழுக் கம்பைலரையும் புதிதாகக் கட்டி, நெரிசலில் வைத்துச் சோதிக்க ஒரு முழு நாள். ஒன்பதரைக்கே ஆரம்பித்தாயிற்று.

பத்து மணிக்கு சாரின் அறை. எல்லாம் சொன்னேன், என் பெயர் உட்பட.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "சரி, ஆயித்து. அடுத்த வாரம் அப்டேட்னு அனுப்பிடலாம். ரீசன் எல்லாம் பேட, வேண்டாம்."

"நாளைக்கு பேஷண்ட் சார்."

"அவங்க மெஷின்ல தப்பே வரலியே மேடம்."

"அவங்க மெஷின்ல இதுவரைக்கும் ஒருத்தர்தான் வேலை செய்யறாங்க. நாளையிலிருந்து மொத்த டிபார்ட்மெண்டும்."

ஜன்னல் பக்கம் பார்த்தார். "சொன்னா முடிஞ்சது. அப்புறம் யார் நம்மள நம்புவாங்க? யோச்சனை மாடி."

யோசித்தேன். என் சீட்டுக்கு வரும்வரை.

நஸ்ரீனுக்கு ஆறு முறை போன். எடுக்கவில்லை. மெஷின் இருக்கும் தளத்தில் சுவர் கெட்டி, சிக்னல் கிடையாது. மெயில் போட்டேன், பதில் இல்லை. ஒரு மணிக்கு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். முத்து எழுந்து நின்றார். "நானும் வரட்டா?" வேண்டாம், சோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அடித்தளத்தில் நீளமான வராந்தா. பெஞ்சில் பைல்களோடு ஆட்கள். ஓர் அம்மா மகளிடம்: "இன்னிக்கு சீக்கிரம் கூப்டுவாங்களாம், டிபன் பாக்ஸ மூடு." என்னையும் நோயாளி என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார முடியவில்லை.

நஸ்ரீன் வந்தார். குரலை வைத்து உயரமாக நினைத்திருந்தேன். குள்ளம், பெரிய கண்ணாடி. நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"செவ்வாக்கிழமை போன் பண்ணீங்களே. அப்பவே தெரியுமா?"

"ஏதோ தப்புன்னு தெரியும். என்னன்னு தெரியாது."

"நான் டென்ஷன் இல்லையேன்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

பிறகு உள்ளே போனார், நான் பின்னாலேயே. புது மெஷினின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தார். பழையதை நிறுத்தச் சொல்லிப் போட்டிருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"எழுதிக் குடுங்க. என்ன தப்பு, எப்படி வரும், யார் கண்டுபிடிச்சது. உங்க கையெழுத்தோட."

யார் செய்தது என்பதையும் சேர்த்து எழுதினேன். படித்துவிட்டு ஒரு டீ வரவழைத்தார். எனக்கு. அவர் குடிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம்.

நெரிசல் சோதனை முடிந்தது. ஒரு தப்புகூட இல்லை. முத்து மேஜையைத் தட்டினார், எனக்குச் சந்தோஷம் வர மறுத்தது.

சார் காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. மதியம் இரண்டு வரி மெயில்: ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். இனி அவர்களிடம் நீங்களே பேசுங்கள். திட்டா, பொறுப்பா, தெரியவில்லை.

நாலு மணிக்கு நஸ்ரீன். மூன்று பேருக்கும் பழைய மெஷினில் கணக்குப் போட்டு சிகிச்சை முடிந்தது. "போனவாட்டி நீங்க குடுத்த கம்பைலர வச்சு அந்த தொண்டை கேஸ நானே ஓட்டிப் பார்த்தேன். கேபிள மறுபடி சொருகி, எட்டு பேர ஒரே நேரத்துல புது மெஷின்ல வேலை செய்ய வச்சு."

"வந்துச்சா?"

"நாலாவது வாட்டி வந்துச்சு. கட்டி இருக்கிற இடத்துல போக வேண்டிய கதிர்ல பாதிகூட இல்ல."

அவர் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த மார்ச் மாசத்துல நீங்க வேற என்னென்ன மாத்தினீங்க?"

ஜூலை 12, சனி

லீவு நாள். வின்சென்ட் பல் டாக்டரிடம் போகச் சொன்னார். ஆபீஸ் வந்தேன். முத்துவும் வந்திருந்தார், நான் கூப்பிடாமலே.

மார்ச் மாதத்தில் என் பெயரில் நாற்பத்தோரு வரிகள். பட்டியல் எடுத்து பிரிண்ட் போட்டோம். இந்தப் பக்கம் கையேடு, அந்தப் பக்கம் பட்டியல். நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் ஏன் ஏன் என்று கேட்க. சரியாக இருப்பதற்கும் ஏன் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு சார் வந்தார். கதவருகே நின்று பட்டியலைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஹேளி, சொல்லுங்க, எங்க இருக்கோம்?" என்றார்.

பதினேழாவது வரி.